மாடா, மரமா, கம்பெனியா? பொள்ளாச்சி–சித்தூர் எல்லையோர இளைஞருக்கு ஒரு கணக்கு

கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், கோபாலபுரம், வேலந்தாவளம். தமிழ்நாட்டுப் பொள்ளாச்சிக்கும் கேரளத்துப் பாலக்காடு மாவட்டச் சித்தூருக்கும் நடுவே உள்ள இந்தச் செக்போஸ்ட்டுகளுக்கு இரண்டு பக்கமும் பேச்சு பெரும்பாலும் தமிழ்தான், பயிர் தென்னைதான். ஆனைமலைப் பக்கத்துப் பையனும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண்ணும் படிப்பை முடித்ததும் இரண்டு வீட்டிலும் ஒரே பேச்சுதான் எழுகிறது: ஊரோடு இருந்து ஏதாவது பார்ப்பதா, காலையில் பஸ் ஏறுவதா? அடுத்த வீட்டுக்காரர், மாமா, யூடியூப் என்று ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். ரூபாய்க் கணக்கோடு பதில் சொல்வோர்தான் குறைவு.

இந்தக் கணக்கை யாருக்குப் போடுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடலாம். வயது 20-லிருந்து 28. பிளஸ் டூ, ஐ.டி.ஐ. அல்லது ஒரு டிகிரி. வீட்டுக்கு ஒரு ஏக்கர் தென்னை. புரட்டினால் இரண்டு, மூன்று லட்சம் தேறும். பத்து ஏக்கர் தோப்பு இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையும் இல்லை.

அந்த ஒரு ஏக்கர் எவ்வளவு தாங்கும்? 25 அடிக்கு 25 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 70 மரம். மரத்துக்கு வருஷம் 100 காய் என்று வைத்தால் 7,000 காய். காய் 12 ரூபாய்க்குப் போனால் 84,000. 25 ரூபாய்க்குப் போனால் 1,75,000. உரம், வெட்டுக்கூலி, தண்ணீர்ச் செலவு இதில் கழிய வேண்டும். விலையும் ஒரு நிலையில் நிற்காது. 2023-இல் எண்ணெய் ஆட்டும் அரவைக் கொப்பரையின் ஆதார விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய். வெளிச்சந்தை அதற்கும் கீழே கிடந்ததால் விவசாயிகள், மத்திய அரசுக்காக ஆதார விலையில் வாங்கும் நாஃபெட் கூட்டுறவின் கொள்முதலை நம்பி நின்றார்கள். 2025-இல் ஆதார விலை 11,582. அந்த வருஷம் வெளிச்சந்தை அதைத் தாண்டி எங்கோ போய், கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாய்க்கு மேல் விற்றது. ஆக, தோப்பு வீட்டுக்கு ஒத்தாசை. ஒரு ஆளின் முழுப் பிழைப்பை அதன் மேல் ஏற்றக் கூடாது. தோப்போடு சேர்த்து எதைப் பிடிப்பது என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கம்பெனி வேலை

தமிழ்நாட்டுப் பக்கம் கிணத்துக்கடவு, மலுமிச்சம்பட்டி, கோவை. கேரளப் பக்கம் கஞ்சிக்கோடு. ஹெல்ப்பராகச் சேர்ந்தால் கைக்கு மாதம் 14,000–15,000 ரூபாய் வரும் என்று வைத்துக்கொள்வோம். போக வர 60 கிலோமீட்டர் பைக்கில் போனால் நாளுக்கு 130 ரூபாய்க்கு மேல் பெட்ரோல். 26 நாளைக்கு 3,500. டீ, சாப்பாடு போக வீட்டுக்கு வந்து சேர்வது பத்து, பதினொன்று. இதற்குப் பன்னிரண்டு மணி நேரம் வீட்டை விட்டு இருக்க வேண்டும்.

அதற்காகக் கம்பெனி வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. சம்பளம் 21,000-க்குள் இருக்கும் வரை இ.எஸ்.ஐ. உண்டு, பி.எஃப். உண்டு, மாதம் பிறந்தால் பணம் உண்டு. சி.என்.சி., வி.எம்.சி. செட்டிங், வெல்டிங், எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் என்று பெயர் சொல்லக்கூடிய ஒரு வேலை கையில் இருப்பவர், அல்லது மூன்று வருஷத்துக்குள் அதைக் கற்றுத்தருவோம் என்று சொல்லும் இடத்தில் சேர்பவர், தயங்காமல் போகலாம். பேக்கிங், லோடிங் என்று சேர்ந்தால் ஐந்து வருஷம் கழித்தும் அதே பேக்கிங்தான். சேரும்போது சம்பளத்தைக் கேட்பதோடு எந்த மெஷினில் நிறுத்துவார்கள் என்பதையும் கேளுங்கள்.

அரசுத் தேர்வு பற்றி இரண்டு வரி. 2025 குரூப் 4 அறிவிப்பில் 3,935 இடம். விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கு மேல். எழுதுங்கள், ஆனால் வேறு வேலை பார்த்துக்கொண்டே எழுதுங்கள். இரண்டு முறைக்கு மேல் போனால் நிறுத்துவது என்று வீட்டில் முதலிலேயே பேசி வையுங்கள். கேரளப் பக்கத்துத் தமிழருக்கு ஒரு சின்ன சாதகம் இருக்கிறது. தமிழ் வழிப் பள்ளி ஆசிரியர், தமிழும் மலையாளமும் தெரிந்த எழுத்தர் போன்ற பணிகளுக்கு அங்கே கேரள அரசுப் பணித் தேர்வாணையமான பி.எஸ்.சி. தனியாக ஆள் எடுக்கிறது. மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகள் அந்த இடத்தை வீணாக விடுகிறார்கள்.

மாடு

"ரெண்டு மாடு வாங்கிக் கட்டு, பொழச்சுக்கலாம்" என்பதுதான் ஊரில் முதலில் கிடைக்கும் யோசனை. இரண்டு மாட்டில் என்ன மிஞ்சும் என்று பார்ப்போம்.

கலப்பினக் கறவை ஒன்று, கறவைக் காலச் சராசரி நாளுக்கு 10 லிட்டர். ஆவின் சங்கத்தில் 2023 டிசம்பர் முதல் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து லிட்டருக்கு 38 என்று கொடுத்த விலையைக் கணக்குக்கு எடுத்தால் நாளுக்கு 380 ரூபாய். கொழுப்பும் இதர சத்தும் குறைந்தால் அதுவும் குறையும். தீவனம்: உடம்புக்கு ஒன்றரை கிலோ, பிறகு இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் நான்கு கிலோ, ஆக ஐந்தரை கிலோ. கிலோ 32 ரூபாய் என்றால் 176. வைக்கோல் ஐந்து கிலோ 40 ரூபாய். தாது உப்பு, மருந்து, சில்லறை 14. செலவு 230, மிச்சம் 150. இதில் உங்கள் கூலி சேரவில்லை. வருஷத்தில் 300 நாள் கறவை என்றால் 45,000. வற்றிய 65 நாளைக்குத் தினம் 80 ரூபாய் தீனி போட்டால் 5,200 போகும். ஒரு மாட்டுக்கு வருஷம் ஏறக்குறைய 40,000, மாதம் 3,300. ஹெல்ப்பர் சம்பளத்தை எட்டவே நான்கு, ஐந்து மாடு வேண்டும். ஞாயிறு, பொங்கல், கல்யாணம் எதற்கும் லீவு கிடையாது.

மேலே சொன்ன 40,000 மாடு நேரத்துக்குச் சினை பிடித்தால்தான். பலருக்குப் பணம் போவது இங்கேதான். ஆனால் பழியைத் தீவன விலை மேல் போடுகிறார்கள். மாடு 21 நாளுக்கு ஒரு தடவைதான் பருவத்துக்கு வரும். ஓயாமல் கத்துவது, பக்கத்து மாட்டின் மேல் தாவுவது, பிறப்புறுப்பிலிருந்து கண்ணாடி மாதிரி வழும்பு தொங்குவது, பால் திடீரென்று இறங்குவது என்று அறிகுறிகள் இருக்கும். சில மாடு ராத்திரியில் மட்டும் காட்டிவிட்டு விடிந்ததும் சும்மா நிற்கும். அதனால் படுக்கப் போகும் முன்பும் விடியற்காலையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். காலையில் கண்டால் அன்று சாயங்காலம், சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை சினை ஊசி போடுவதுதான் முறை. டாக்டருக்கு நேரம் இல்லை என்று ஒரு நாள் தள்ளினால் பிடிக்காது. அடுத்த 21 நாள் வெறும் தீனி, 1,680 ரூபாய். மூன்று தடவை தவறினால் அந்த வருஷ வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். கொட்டகைச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டி ஊசி போட்ட தேதி, 21-ஆம் நாள், 42-ஆம் நாள் மூன்றையும் வட்டம் போட்டு வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

அடுத்தது மடிநோய். கறந்ததும் மாடு படுத்தால் திறந்திருக்கும் காம்பு வழியாகக் கிருமி ஏறும். கறந்த பிறகு அரை மணி நேரமாவது மாடு நிற்கும்படி அந்த நேரத்துக்குத் தீனியை ஒதுக்கி வையுங்கள். ஒரு காம்பு போனால் அந்த ஈத்து முழுக்க அடி.

பசுந்தீவனம் இல்லாமல் இறங்கவே கூடாது. ஒரு மாட்டுக்கு நாளுக்கு 25 கிலோ, வருஷத்துக்கு ஒன்பது டன். கோ-5 கம்பு நேப்பியர் நல்ல வெயிலில் பத்து சென்டில் அதைத் தரும். தென்னை நிழலில் தராது, பதினைந்து இருபது சென்ட் வேண்டும். முதல் அறுப்பு 75–80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒரு தடவை. நறுக்காமல் முழுத் தட்டாகப் போட்டால் நல்ல பங்கு காலடியில் மிதிபடும்.

கடன் சுலபம்தான். கால்நடைக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. வட்டி 7 சதம். தவணை தவறாமல் கட்டினால் 3 சதம் தள்ளுபடி. ஒரு நாள் தாண்டினாலும் அந்த 3 சதம் கிடையாது.

எல்லையோரத்துக்கே உரிய ஒரு ஆசை உண்டு. கேரளக் கூட்டுறவுப் பால் நிறுவனமான மில்மாவின் சங்கத்தில் விலை கூட என்பதால் இங்கே கறந்து அங்கே ஊற்றலாமே என்று தோன்றும். சங்கம் உறுப்பினர் மாட்டுப் பாலைத்தான் எடுக்கும். மீனாட்சிபுரத்தில் கேரளப் பால்வளத் துறையின் பரிசோதனை நிலையமே நிற்கிறது. வீடும் மாடும் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து விலையை வைத்தே கணக்குப் போடுங்கள். கேரளப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் நன்றாகவே வரும். சித்தூர் வட்டாரத்தில் பால் சங்கங்கள் வேரூன்றி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மரம்

பெயர் சொல்லும் தொழில் கையில் இல்லாதவருக்கு நாங்கள் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்: தென்னை ஏறுதலும், அதோடு சேர்ந்த மரப் பராமரிப்பும். கேட்டவுடன் பெற்றோருக்கு முகம் சுருங்கும். "பையன் என்ன பண்றானுங்க?" என்று பெண் வீட்டார் கேட்கும்போது "மரம் ஏறுறானுங்க" என்று சொல்லத் தயங்குவது நியாயம்தான். அந்தத் தயக்கத்தால்தான் இரண்டு பக்கமும் ஆள் பஞ்சம். ஆள் பஞ்சத்தால்தான் கூலி உயர்ந்து நிற்கிறது. ரிசர்வ் வங்கிக் கையேட்டின்படி 2022-23-இல் கேரளத்தில் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி 764 ரூபாய். நாட்டுச் சராசரி 346. தென்னை ஏறுபவருக்கு அதற்கும் மேல்.

பெரிய தோப்புக்குத் தேங்காய் வியாபாரியே ஆள் செட்டைக் கூட்டிவந்து மூங்கில் தொரட்டியால் வெட்டிக்கொண்டு போய்விடுவார். அங்கே போட்டி போட வேண்டாம். வியாபாரி எட்டிப் பார்க்காத இடம் பத்து மரம் உள்ள வீட்டு வளவு, ஐம்பது மரம் உள்ள சிறு தோப்பு, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு. உங்கள் வாடிக்கை இவர்கள்தான்.

மரம் ஏறும் மெஷினில் பழகியவர் நாளுக்கு 40 மரம் ஏறலாம். முதல் மாதம் 15, 20-தான் வரும். மரத்துக்கு 40 ரூபாய் என்று குறைத்தே வைப்போம், கேரளப் பக்கம் 50-க்கு மேலும் வாங்குகிறார்கள். 45 நாளுக்கு ஒரு வெட்டு. 1,000 மரம் உங்கள் வாடிக்கை நோட்டில் இருந்தால் 25 வேலை நாள். 45 நாளில் 40,000 ரூபாய், மாதத்துக்கு 26,000-க்கு மேல். ஆயிரம் மரம் என்றால் கேட்கப் பெரிதாக இருக்கும்; மொத்தம் பதினான்கு ஏக்கர்தான். மீதி 20 நாள் மழை, உடம்பு அலுப்பு, சொந்தத் தோப்பு. முதலீடு ஏறும் மெஷின், பாதுகாப்பு பெல்ட், ஹெல்மெட், அரிவாள். பைக் இருந்தால் 25,000-க்குள் அடங்கும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய 'தென்னை மரத் தோழர்கள்' பயிற்சி ஆறு நாள். கேரளத்தில் பெண்களும் அதில் பயின்று ஏறியிருக்கிறார்கள். ஏறுபவர்களுக்கு வாரியத்தின் கேர சுரக்ஷா காப்பீடு உண்டு. பிரீமியத்தின் பெரும்பங்கை வாரியமே கட்டும். அது இல்லாமல் ஒரு மரம்கூட ஏறக் கூடாது.

தவறுவது எங்கே? செம்பேரி மாடல் என்ற ஏறும் மெஷினில் மரத்தைச் சுற்றிப் பூட்டும் இரண்டு கம்பி வட வளையம் உண்டு. நடையாக மாற்றி மாற்றித் தூக்கி ஏற வேண்டும். கொக்கியைப் பூட்டாமல் அவசரமாக ஏறுவது, இழை பிரிந்த வடத்தை "இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம்" என்று விடுவது, பாசி பிடித்த மரத்தில் மழை விட்டதும் ஏறுவது ஆகிய மூன்றும்தான் ஆளை விழவைக்கின்றன. ஏறும் முன் மரத்தைச் சுற்றி வந்து பாருங்கள். தண்டில் ஓட்டை, பழுப்பு நிறச் சாறு வடிதல், மென்று துப்பிய நார் மாதிரி தூள் தெரிந்தால் உள்ளே சிவப்புக் கூன்வண்டு இருக்கிறது. தலை எந்த நேரமும் சாயலாம். குளவிக் கூடு இருந்தால் அன்றைக்கு அந்த மரம் வேண்டாம். மின்கம்பி ஓரத்து மரத்தில் அலுமினியத் தொரட்டியைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

வெறும் காய் வெட்டோடு நிறுத்தினால் கூலிக்காரராகவே நிற்க வேண்டியதுதான். மேலே போனவருக்கு மட்டும் தெரியும் விஷயத்தை விற்கத் தொடங்கினால்தான் இது தொழிலாகும். கொண்டை சுத்தம் செய்து, உள்பக்கத்து மூன்று மட்டையின் கக்கத்தில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் ஒன்றுக்கு இரண்டு பங்கு கலந்து 150 கிராம் வைத்தால் காண்டாமிருக வண்டு அண்டாது. இதற்குத் தனியாக 20 ரூபாய் வாங்கலாம். தரையில் நிற்கும் துணையாள் அதே நேரத்தில் வேரில் டானிக் கட்டுவார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத் தென்னை டானிக் 40 மில்லி, தண்ணீர் 160 மில்லி, பாலித்தீன் பையில். மரத்திலிருந்து மூன்றடி தள்ளி மண்ணைக் கிளறி, பென்சில் கனத்தில் வெளிர் சிவப்பாக இருக்கும் இளவேரைச் சாய்வாகச் சீவி, நுனி பையின் அடியைத் தொடும்படி விட்டு நூலால் கட்ட வேண்டும். கறுத்த கிழட்டு வேரில் கட்டினால் ஒரு வாரம் ஆனாலும் பை அப்படியே இருக்கும். "டானிக் வேலை செய்யலை" என்ற புகாரில் பாதி இதனால்தான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கட்டலாம்.

இந்தப் பக்கத்துத் தோப்புகளை இப்போது அரிப்பவை இரண்டு. ஒன்று சுருள் வெள்ளை ஈ. 2016-இல் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டதே பொள்ளாச்சிப் பக்கம்தான். மருந்தடித்தால் அதைத் தின்னும் என்கார்சியா குளவிதான் முதலில் சாகும். ஏக்கருக்கு எட்டு மஞ்சள் ஒட்டுப்பொறியை ஆறடி உயரத்தில் கட்டுவது, என்கார்சியா உள்ள ஓலைத் துண்டை நோய்த் தோப்பில் வைப்பது, கரும்பூஞ்சைக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசை தெளிப்பது என்றுதான் போக வேண்டும். இரண்டாவது கேரள வாடல் நோய். ஓலையின் இலைகள் விலா எலும்பு மாதிரி உள்வளைந்து தொங்கும், ஓரம் கருகும், பாளை கறுக்கும். மருந்து கிடையாது. வருஷம் பத்துக் காய்கூடத் தராத நோய் மரத்தை வெட்டி அகற்ற வேண்டும். மற்றதற்கு எரு, உரம், பசுந்தாள், தண்ணீர். ஒரு தோப்பில் எந்த மரத்தில் முதலில் வந்தது என்பதை 45 நாளுக்கு ஒரு தடவை மேலே போகிறவர்தான் கண்டுபிடிக்க முடியும். மரத்துக்கு நம்பர் போட்டு நோட்டில் எழுதிக் கொடுங்கள். ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கு அந்த நோட்டோடு போகும் விவசாயிக்குத் தெளிவான பதில் கிடைக்கும். ஊருக்கு ஒருவர் இப்படி இருந்தால் நாற்பது சிறு தோப்புகள் விற்கப்படாமல் நிற்கும். ஊர் வளர்ச்சிக்கு இளைஞர் செய்யக்கூடியது என்று மேடையில் பேசுவதைவிட இது கைக்கு எட்டும் வேலை.

முழங்கால் தேய்மானம், உயரத்தில் தலைசுற்றல், இழுப்பு இருப்பவர்கள் மட்டும் இதில் இறங்க வேண்டாம். நாற்பத்தைந்து வயது வரைதான் ஏறலாம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஏற்றிவிட இரண்டு பேரைப் பழக்கியிருக்க வேண்டும்.

கொப்பரை, எண்ணெய், நார், டிரோன்

சொந்தமாக ஒரு பிராண்டு, ஒரு லேபிள், இன்ஸ்டாகிராமில் செக்கு எண்ணெய் என்ற கனவு நிறைய பேருக்கு இருக்கிறது. தப்பில்லை, ஆனால் முதல் வருஷத்து வேலை அது இல்லை. ஒரு கிலோ கொப்பரைக்கு ஆறேழு காய் வேண்டும். 10,000 காய் வாங்கினால் ஏறக்குறைய ஒன்றரை டன். காய் 25 ரூபாய் விற்கும் காலத்தில் அதற்கு இரண்டரை லட்சம். களத்தில் ஒரு வாரம், விற்றுப் பணம் வர இரண்டு வாரம் என்று மாட்டிக்கொள்ளும். நடுவில் மழை வந்து ஈரம் ஆறேழு சதத்துக்கு இறங்காமல் போனால் பூஞ்சணம் பிடித்து விலை சரியும். கந்தகம் போட்டு வெள்ளையாக்கினால் நல்ல எண்ணெய்க்கு வாங்குபவர் திரும்ப வரமாட்டார். ஆயிரம் மரம் உங்கள் நோட்டில் வந்த பிறகு இதற்கு வாருங்கள். எந்தத் தோப்பில் பருப்பு கனம், யார் காயை உடனே விற்கத் துடிக்கிறார் என்பது அப்போது உங்களுக்கே தெரியும்.

நார் மில் தனி ஆளுக்கானதல்ல. மெஷின், மின்சாரம், தூள் கழுவத் தண்ணீர், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி என்று நீளும். டிரோன் தெளிப்புக்கு விலையும் அதிகம், பைலட் சான்றிதழும் வேண்டும். தென்னைக்கு மருந்தடிப்பதையே குறைக்கச் சொல்லும் வட்டாரத்தில் வேலை நாள் கிடைக்காது. கள் பற்றியும் கேட்பார்கள். சித்தூர்த் தோப்பில் லைசென்ஸோடு இறக்கும் அதே கள்ளைத் தமிழ்நாட்டுப் பக்கம் இறக்கினால் கேஸ். இங்கே 1987 முதல் தடை.

எங்கள் வரிசை இப்படி. கையில் பெயர் சொல்லும் தொழில் இருந்தால் கம்பெனி. இல்லாவிட்டால் மரம், இரண்டாம் வருஷம் அதோடு இரண்டு மாடு, வீட்டில் பார்க்க இன்னொரு ஆள் மனதோடு இருந்தால் மட்டும். வீட்டை விட்டு வெளியே போக வழியில்லாத பெண்களுக்கு மட்டும் வரிசை மாறும்: மாடு முதலில், கிசான் கார்டும் சங்க உறுப்பினர் பெயரும் அவர்கள் பெயரிலேயே.

காகித வேலையில் ஒன்று. வீடு தமிழ்நாட்டிலும் தோப்பு கேரளத்திலும் இருப்பவர்கள் நிறைய. மாநில அரசின் தொழில் மானியத்துக்கு ரேஷன் கார்டு எந்த மாநிலமோ அங்கேதான் விண்ணப்பிக்க முடியும். தோப்புக்கான மானியம் நிலம் இருக்கும் ஊர்க் கிருஷி பவனில், அதாவது கேரள வேளாண் அலுவலகத்தில். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமான பி.எம்.ஈ.ஜி.பி. இரண்டு பக்கமும் உண்டு. கிராமத்தில் பொதுப்பிரிவுக்கு 25 சதம், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 35 சதம் மானியம். அந்தப் பணம் உடனே கைக்கு வராது; மூன்று வருஷம் வங்கியிலேயே கிடந்து பிறகுதான் கடனில் கழியும். மானியத்தை நம்பி மெஷினுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

மரத்தில் இறங்குபவர்கள் ஜனவரிக்குள் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வாரியத்திலோ பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். பிப்ரவரியில் பழகினால் மார்ச்சிலிருந்து மே வரை காய்ந்த மரம், மூன்று மாதம். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மழை இறங்குவதற்குள் முதல் 300 மரமாவது நோட்டில் ஏறியிருக்க வேண்டும்.